அலாரம் போன வழி

அந்தக் கோடு அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை.

கோகிலவாணி கருகிய சர்க்யூட் போர்டை உருப்பெருக்கியின் கீழே வைத்து மறுபடியும் பார்த்தாள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் பலகை. அதன்மேல் ஓடும் செம்புக் கோடுகள் அவளுக்கு எப்போதும் ஓர் ஊரை நினைவூட்டும். வானத்திலிருந்து பார்க்கிற, பெயர் தெரியாத ஊர். அகலச் சாலைகள், முட்டுச்சந்துகள், எங்கோ ஓர் ஆற்றைக் கடக்கும் ஒற்றைப் பாலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை ஜெயசீலனிடம் சொல்லியிருந்தாள். "அந்த ஊர்ல பஸ் ஸ்டாண்டு எங்கனம்மா இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார் அவர்.

இப்போது அந்த ஊரின் நடுவே தீ விபத்து நடந்திருந்தது.

இரண்டு திருகுத் துளைகளுக்கு இடையில் குறுகலான ஓர் இடம். கம்ப்ரசர் மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் அகலக் கோடு அங்கே இடுப்புபோல ஒடுங்கிச் செல்லும். எப்போதாவது சூடு மிஞ்சினால் முதலில் எரிவது அந்த இடுப்புதான். அது எரிந்தால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் அலாரம் கத்த வேண்டும். அலாரத்துக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி, அதிலிருந்து தனியாக ஒரு மெல்லிய கோடு. எது நின்றாலும் கத்துவதற்காகவே அந்த ஏற்பாடு.

பலகையின் வலப்பக்கம் காலியாகக் கிடந்தது. அலாரக் கோடு அந்த வழியாக நேராகப் போயிருக்கலாம். போகவில்லை. தேவையில்லாமல் வளைந்து, இடப்பக்கம் வந்து, அந்த இடுப்புக்குள் நுழைந்து, மோட்டார் கோட்டோடு தோள் உரசிக்கொண்டு போயிருந்தது. அது எரிந்தபோது இதுவும் சேர்ந்து எரிந்துவிட்டது.

ஆக, மெஷின் நின்றிருக்கிறது. அலாரம் கத்தவில்லை.

இதைத் தப்பு என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தப்பு செய்கிற கோடு இப்படி வளைந்து வளைந்து வராது. யாரோ தேடிப்பிடித்து அந்த இடத்தைக் கண்டுபிடித்ததுபோல இருந்தது.

பிராணா நிறுவனம் கோவையில், அவிநாசி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்தது. நுரையீரல் பழுதுபட்டவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மெஷின்களைச் செய்வது தொழில். போர்டு வரைவது வாணியும் ஜெயசீலனும். வரைவது என்று சொல்வதுகூடப் பழக்கத்தில்தான். எந்தப் பாகம் எதனோடு சேர வேண்டும் என்று சொல்லிவிட்டால், கோடுகள் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மென்பொருளே முடிவு செய்துவிடும். வெளிநாட்டில் வாங்கிய அதற்கு ஏதோ எண்ணும் எழுத்தும் கலந்த பெயர். நூல் நூலாகக் கோர்ப்பதைப் பார்த்து யாரோ தறி என்று கூப்பிட, அதுவே நின்றுவிட்டது.

பழைய மென்பொருள்கள் குறுக்கு வழியைத் தேடும். தறி அப்படியல்ல. நிறுவனம் இதுவரை செய்த ஒவ்வொரு போர்டையும், விற்ற பிறகு அதற்கு என்ன ஆனது என்பதையும் அதற்குக் கொடுத்திருந்தார்கள். வேலையை முடித்ததும் திரையின் மூலையில் ஓர் எண்ணைக் காட்டும். எதிர்பார்க்கும் புகார். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தறி வந்த பிறகு அந்த எண் குறைந்துகொண்டே வந்தது. போன வருஷம் அதற்காக எல்லோருக்கும் பிரியாணி போட்டார் முதலாளி திருமூர்த்தி.

வரவேற்பறையில் அந்தப் பெண் இன்றும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

பெயர் கலைமதி. அன்னூர்ப் பக்கம். நாற்பது வயது இருக்கலாம். அந்த மெஷினை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியவளே அவள்தான். அவளுடைய அப்பா அந்த மெஷினில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். விடியும்போது எழுந்து பார்த்தபோது மெஷின் நின்றிருந்தது, அவரும்தான்.

நிறுவனம் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டது. அதே மாதிரி மெஷினை அவள் கண் முன்னாலேயே ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார்கள். அலாரம் கட்டடமே அதிரும்படி கத்தியது. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் திரும்ப வந்துவிட்டாள். எதிர்ச் சுவரில் நீல நிறத்தில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்த சேவை மைய எண்ணையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

வாணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்க." கலைமதி பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்கதான் உள்ள பாக்கறதுங்களா?"

"ஆமாங்க."

"எனக்குக் காசு கீசு ஒண்ணும் வேண்டாமுங்க. வக்கீலு வேண்டாம். ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அது கத்துச்சுங்களா, கத்தலீங்களா?"

வாணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு. கத்தியிருந்தா எந்திரிச்சிருப்பேன்ல? எங்கண்ணி சொல்றாங்க, பொணமாட்டத் தூங்கியிருக்கேன்னு. எங்கண்ணன் அன்னீல இருந்து பேசறதில்லீங்க. அவங்கள விடுங்க. எனக்கே தெரியலீங்க. கத்தியிருந்து, நான் கேக்காமத் தூங்கியிருந்தா?" அவள் பாட்டிலின் மூடியைத் திறந்து, குடிக்காமல் மூடினாள். "இப்பல்லாம் படுத்தாத் தூக்கம் வர்றதில்ல. வந்துருமோன்னு பயமா இருக்குதுங்க."

"பாத்துட்டு இருக்கேங்க. சொல்றேன்," என்றாள் வாணி. அவளுக்குத் தெரிந்ததை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று தெரியாமல் சொல்வது பாதி உண்மை என்று நினைத்தாள். யார் என்று தெரியாமல் என்பதுதான் சரி.

திருமூர்த்தியின் அறையில் குளிர் அதிகம். அவர் போர்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"யாரு கடசியாக் கை வெச்சது?"

"ஜெயசீலன் சார்தான் முடிச்சு அனுப்புனாரு."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகளின் எடை அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பொய் இல்லை. ஜெயசீலனுக்குத் தறிமேல் நம்பிக்கை கிடையாது. அது முடித்த போர்டைத் திறந்து இங்கொரு கோடு அங்கொரு கோடு என்று நகர்த்துவார். தறியை 'மாப்பிள்ளை' என்றுதான் சொல்வார். மாப்பிள்ளை முறுக்கிட்டு நிக்கிறாரு, மாப்பிள்ளைக்கு இந்த வழி பிடிக்கலையாம்.

"அவரு ஓசூர்ல ஒரு கம்பெனில பேசிட்டு இருக்கறதாக் கேள்விப்பட்டேன்," என்றார் திருமூர்த்தி. "போற மனுசன் சும்மாப் போவானா? நீ ஒண்ணும் கேட்டுக்காத. அந்தம்மாகிட்டயும் வாயத் தொறக்காத. காரணம் தெரியற வரைக்கும் இதப் புகாரா ஏத்தக் கூடாது. ஏத்துனா என்னாகும்னு தெரியுமல்ல?"

தெரியும். ஆள் இறந்த புகார் பதிவானால் அந்த நொடியே அரசாங்கத்தின் மருத்துவக் கருவிப் பிரிவுக்கும் அது போய்விடும். யாராலும் திரும்ப எடுக்க முடியாது. விற்ற மெஷின்களை எல்லாம் திரும்பக் கூப்பிடச் சொல்வார்கள்.

மதியத்துக்குள் ஜெயசீலனின் கணினி அவரை உள்ளே விட மறுத்தது. அவர் யாரிடமும் ஏன் என்று கேட்கவில்லை. கேன்டீனில் போய் ஒரு டீயோடு உட்கார்ந்தார். வாணி எதிரே போய் உட்கார்ந்தாள். சந்தேகப்படுகிற முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கேளும்மா," என்றார் அவர். "மூஞ்சியே கேக்குது, வாய் மட்டும் என்னத்துக்கு மூடிக் கெடக்கு?"

"அலாரக் கோட்ட அங்க கொண்டுபோனது யாரு சார்?"

"மாப்பிள்ளதான்."

"நீங்க மாத்தலையா?"

"மாத்துனேன். அத வலப்பக்கமா எடுத்துக் காலியாக் கெடக்கிற எடத்துல விட்டேன். உடனே மூலையில நம்பரு ஏறுச்சு. புகார் கூடும்ங்குது. என்னடா இது, அலாரத்தப் பத்திரமாக் கொண்டுபோனாப் புகார் கூடுமான்னு திரும்ப ஓட்டுனேன். அது மறுபடி எடுத்துக்கொண்டுபோயி அந்தச் சந்துலயே விட்டுச்சு. நான் இழுக்க, அது இழுக்க. கயிறு இழுக்குற மாதிரி."

"அப்பறம் ஏன் விட்டீங்க?"

அவர் டீயின் ஆடையை விரலால் ஒதுக்கினார். "சின்ன வயசுல இருந்து இந்த வேல பாக்கேன். ஆனா அது எத்தன போர்டப் பாத்திருக்கு, நான் எத்தனயப் பாத்திருக்கேன்? நமக்குத் தெரியாத காரணம் எதாச்சும் இருக்கும்னு விட்டுட்டேன். அம்புட்டுதாம்மா. நான் அதச் சந்தேகப்பட்டேன், அது என்னயச் சந்தேகப்பட்டுச்சு. நான் தோத்துட்டேன்."

அவள் நம்பவில்லை. நல்ல கதையாக இருந்தது. மிகவும் நல்ல கதை. பேச மாட்டாத ஒன்றின் தலையில் பழியைப் போடுவது சுலபம். ஆனாலும் இருக்கைக்குத் திரும்பியதும் அதே போர்டின் வரைபடத்தைத் திறந்து, அலாரக் கோட்டைப் பிடித்து வலப்பக்கம் கொண்டுபோய் விட்டாள்.

மூலையில் எண் ஏறியது.

தறியை ஓட விட்டாள். கோடுகள் எல்லாம் ஒரு கணம் நடுங்கின. அலாரக் கோடு வலப்பக்கத்திலிருந்து பிரிந்து, பிற கோடுகளுக்கு இடையே ஊர்ந்து, இடுப்புக்குள் போய் மோட்டார் கோட்டின் பக்கத்தில் படுத்துக்கொண்டது. குளிரில் வெளியே போன பூனை அடுப்பங்கரைக்குத் திரும்புவதுபோல. எண் இறங்கியது.

அவள் வேறு மாடல்களைத் திறந்தாள். வயதானவர்களுக்கான சின்ன மெஷின், பயணத்துக்கு எடுத்துப்போகும் மெஷின். எல்லாவற்றிலும் பலகையில் எங்கே சூடு அதிகமோ அங்கே அலாரக் கோடு ஒதுங்கியிருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர. ஆஸ்பத்திரிகளுக்கு விற்கும் மாடலில் அது வலப்பக்கமாக, அகலமாக, தனியாக, சுற்றிலும் இடம் விட்டு, ராஜபாட்டையில் போவதுபோலப் போயிருந்தது.

அப்போது வாணியின் சந்தேகம் ஜெயசீலனை விட்டு எழுந்து திருமூர்த்தியின் அறைக்கு நடந்தது. ஆஸ்பத்திரிக்காரன் வழக்குப் போடுவான். அன்னூரில் தனியாக மூச்சு வாங்கும் கிழவர் போட மாட்டார். யாரோ இதை யோசித்து, தறிக்கு ரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியாது. தறிக்கு யாரும் எதையும் சொல்வதில்லை. போர்டையும் புகாரையும் மட்டும்தான் காட்டுகிறோம். போர்டை அவள் பார்த்துவிட்டாள். புகாரைப் பார்த்ததில்லை.

சேவை மையம் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. மெஹருன்னிசா அதன் தலைவி. கோட்டைமேட்டுக்காரி, பதினைந்து பேரைக் கட்டி மேய்ப்பவள். காதில் ஹெட்செட்டை மாட்டியபடியே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வா புள்ள. உக்காரு. எப்பக் கல்யாணம்னு கேக்க மாட்டேன், பயப்படாத."

"மெஹரக்கா, ஒரு புகார் எப்படி வருது?"

"எப்படி வரும், கத்திட்டு வரும். மெஷின் நிக்கும், அலாரம் அலறும், வீட்டுல எல்லாரும் பயந்துபோயி எனக்குப் போனப் போட்டு அதவிடப் பெருசா அலறுவாங்க. 'ஏம்மா, எங்கம்மாவக் கொல்லப் பாக்கறீங்களா'ன்னு. நான் சாந்தமாப் பேசுவேன். உள்ளுக்குள்ள திட்டிக்குவேன்."

"யாரும் கூப்பிடலைன்னா?"

"அப்பவும் தெரியும். மெஷினுக்குள்ள சிம் இருக்குல்ல, நின்னா எங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். நாங்க அந்த வீட்டுக்குக் கூப்பிடுவோம். மூணு தடவ. எடுக்கலைன்னா மூடிருவோம்."

"மூடறதுன்னா?"

"சரியாயிருச்சுன்னு போட்டு மூடறது." ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். "பின்ன என்ன புள்ள? எடுக்கலைன்னா பிரச்சின இல்லன்னுதான அர்த்தம்? பிரச்சின இருந்தா அவங்களே கூப்பிட மாட்டாங்களா? ஆஸ்பத்திரின்னா எப்பக் கூப்பிட்டாலும் ஒரு நர்ஸ் எடுத்துருவா, புகார் நிச்சயம். வீடுன்னா வேலைக்குப் போயிருப்பாங்க, பைப்புல தண்ணி வந்திருக்கும், கரண்டு போயி வந்திருக்கும். எல்லாத்தையும் தொறந்து வெச்சா என்னோட கணக்கு என்னாகறது?"

"இதெல்லாம் தறிக்குப் போகுதா?"

"உங்க மெஷினுக்கா? அப்பப்பவே போயிரும்னு சொன்னாங்க. எதுக்கு?"

வாணி மேஜையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். அதைப் பார்ப்பது மெஹரின் முகத்தைப் பார்ப்பதைவிடச் சுலபமாக இருந்தது.

"புகாரக் குறைன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும்க்கா. மெஷின் நின்னு அலாரம் அடிச்சா, புகார் வருது. மெஷின் நின்னு அலாரம் அடிக்கலைன்னா, யாரும் கூப்பிடறதில்ல. நீங்க கூப்பிடறீங்க. யாரும் எடுக்கறதில்ல. சரியாயிருச்சுன்னு போட்டு மூடறீங்க. அதப் பாத்துட்டு அது நெனச்சுக்கிச்சு, இந்தப் போர்டு நல்ல போர்டுன்னு."

மெஹர் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நின்றது. "எடுக்காதவங்க ஏன் எடுக்கல?"

வாணி டம்ளரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"ஏன் எடுக்கலடி?" மெஹர் ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அது என்ன பொருள் என்று தெரியாதவள்போலப் பார்த்தாள். "அல்லா. எத்தன மூடியிருப்பேன்?"

திருமூர்த்தி முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் ஏசியை நிறுத்தினார். அறை திடீரென்று அமைதியானது.

"அப்ப யாரும் வேணும்னு செய்யல."

"இல்லைங்க சார்."

"நல்லதாப் போச்சு." அவருக்கு உண்மையிலேயே பாரம் இறங்கியதுபோல இருந்தது. "அடுத்த போர்டுல இருந்து அலாரத்தத் தனியாக் கொண்டுபோகணும்னு கட்டாயம் போட்டுரலாம். ஒரு நாள் வேல."

"வீட்டுல ஓடிட்டு இருக்கற மெஷினெல்லாம்?"

"படிப்படியா மாத்தலாம் வாணி. சர்வீஸுக்கு வர்றப்ப."

"அந்தம்மாவுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவராகத் தெரியவில்லை. களைத்துப்போன மனிதராகத் தெரிந்தார். "நான் சொல்றதக் கேளு. எல்லா மெஷினையும் ஒரே நேரத்துல திரும்பக் கூப்பிட்டா, அதுல மூச்சு விடறவங்க எதுல மூச்சு விடுவாங்க? கம்பெனிய மூடுனா ரிப்பேர் பண்ணவும் ஆளிருக்காது. ஜெயசீலன் கையால மாத்துனப்போ தப்பாயிருச்சுன்னு எழுதிக் குடுக்கட்டும். ஒரு ஆளோட தப்பு, ஒரு போர்டு. நான் அவர ஓசூருக்கு நல்லபடியா அனுப்பி வெக்கிறேன். அந்தம்மாகிட்ட அலாரம் நல்லாருக்குன்னு சொல்லியாச்சு. அதயே சொல்லு."

"சார், தறி இதத்தான் சார் செஞ்சுது," என்றாள் வாணி.

"எத?"

"சத்தம் வராம இருந்தாச் சரியாயிருச்சுன்னு நெனச்சுது."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் எழுந்து வெளியே வந்தாள்.

வரவேற்பறையில் கலைமதி அதே நாற்காலியில் இருந்தாள். தண்ணீர் பாட்டில் குடிக்கப்படாமல் மடியில் இருந்தது. வாணி அவளுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"கத்தலைங்க," என்றாள்.

கலைமதி திரும்பவில்லை.

"மோட்டார் எரிஞ்சப்பவே அலாரத்துக்குப் போற கோடும் எரிஞ்சிருச்சு. ஒரு சத்தம்கூட வந்திருக்காது. நீங்க முழிச்சிட்டே படுத்திருந்தாலும் கேட்டிருக்காது. நீங்க தூங்குனது காரணமில்லைங்க. தப்பு எங்களோடது."

வெளியே லாரி ஒன்று பின்னால் நகர்ந்து, கீக் கீக் என்று எச்சரித்து, நின்றது. கலைமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. வாணி என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டிலை அவள் மடியிலிருந்து எடுத்துத் திறந்து கொடுத்தாள். இந்த முறை அவள் குடித்தாள்.

"நன்றீங்க," என்றாள். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கட்டுங்களா? இத்தன நாளா இதையேதான் பாத்துட்டு உக்காந்திருக்கேன். இந்த நம்பரு. எங்கியோ பாத்த நம்பராட்டவே இருந்துச்சு." கைப்பேசியை எடுத்து எதையோ மேலே மேலே தள்ளித் தேடினாள். நீட்டினாள். "அன்னிக்குக் காலீல அப்பாவக் குளிப்பாட்டிட்டு இருந்தோம். மூணு தடவ போன் வந்துச்சு. லோன் வேணுமான்னு கேக்கறவங்கன்னு நெனச்சு எடுக்கல. நீங்கதானுங்களா அது?"

திரையிலும் சுவரிலும் ஒரே எண்.

"ஆமாங்க," என்றாள் வாணி.

"நான் எடுத்திருக்கணுமுங்களா?"

"ஐயோ, இல்லைங்க." வாணி அவள் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது. "நாங்க நாலாவது தடவ கூப்பிட்டிருக்கணும்."

கலைமதி அந்தப் பழைய அழைப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். மணி அடித்தது. கட்டடத்தின் பின்பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம், பிராணா சேவை மையம், மெஹருன்னிசா பேசறேன். உங்க மெஷின்ல என்ன பிரச்சினைங்க?"

"கத்தலீங்க," என்றாள் கலைமதி. "எங்கப்பா போயிட்டாருங்க. மெஷின் கத்தவே இல்ல."

மறுமுனையில் மெஹரின் குரல், பதினைந்து பேரைக் கட்டி மேய்க்கும் குரலாக இல்லாமல், மெதுவாக வந்தது. "சொல்லுங்கம்மா. மொதல்ல இருந்து சொல்லுங்க. எழுதிக்கறேன்."

இருக்கைக்குத் திரும்பும்போது வாணியின் கைப்பேசி அடித்தது. திருமூர்த்தி. அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு நின்றுவிட்டது. புகார் எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். நாளை இந்தக் கட்டடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இருக்குமா என்றும் தெரியவில்லை.

தறியைத் திறந்தாள். அதே போர்டு. புதிதாகக் கற்றதை வைத்து மறுபடி ஓடச் சொன்னாள். கோடுகள் நடுங்கி அடங்கின. ஒன்றும் மாறவில்லை என்று முதலில் தோன்றியது. உருப்பெருக்கிப் பார்த்தாள். இடுப்புக்குள் படுத்திருந்த அலாரக் கோடு மோட்டார் கோட்டிலிருந்து ஒரு மயிரிழை தள்ளியிருந்தது.

ஒரு புகாருக்கு ஒரு மயிரிழை.

"என்னம்மா, மாப்பிள்ள அசைஞ்சு குடுத்தாரா?"

ஜெயசீலன் பின்னால் நின்றிருந்தார். கேன்டீனிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வாணி அவர் பக்கம் திரும்பினாள். "சார், நான் உங்க பேரச் சொல்லிட்டேன். உங்களத்தான்னு நெனச்சேன்."

"சந்தேகப்படுறது நம்ம வேலம்மா. தப்பான ஆளச் சந்தேகப்பட்டுட்ட, அம்புட்டுதான். நான் சரியான ஆளச் சந்தேகப்பட்டுட்டுக் கையக் கட்டிட்டு உக்காந்துட்டேன். எது மோசம் சொல்லு?"

சுவருக்கு அப்பாலிருந்து மெஹரின் குரல் கேட்டது. அவள் தன் பதினைந்து பேரையும் உட்கார வைத்திருந்தாள். மூடிய எண்களை ஒவ்வொன்றாகத் திறந்து அழைத்துக்கொண்டிருந்தார்கள். "ஹலோ... வெச்சுராதீங்க, லோன் இல்லைங்க... ஆமாங்க, முன்னாடியும் கூப்பிட்டோம்... யார்னா பேசுங்க, பக்கத்து வீட்டுக்காரங்களா இருந்தாலும் பரவால்ல..." சில எண்கள் அடித்துக்கொண்டே இருந்தன. சில எண்கள் இப்போது உபயோகத்தில் இல்லை. சிலர் எடுத்தார்கள். கிணத்துக்கடவில் ஒரு மருமகள். சூலூரில், வீட்டைப் பூட்டிக்கொண்டுபோன மகன். மெஹரின் குரல் உடைவதும், மறுபடி சேர்வதும், "சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்பதும் கேட்டது.

ஒவ்வொரு முறையும் திரையில் அலாரக் கோடு இன்னொரு மயிரிழை நகர்ந்தது. வெளிச்சத்துக்குக் கூச்சப்படும் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதுபோல.

வாணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இந்த நாள் அவளுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது. கண்ணை அலாரக் கோட்டிலிருந்து எடுத்து, மூலையில் இருக்கும் எண்ணைப் பார்த்தாள். இத்தனை புகார் ஏறிய பிறகு அது எகிறியிருக்க வேண்டும். முதலில் எகிறியும் இருந்தது. இப்போது மறுபடி, மெல்ல, இறங்கிக்கொண்டிருந்தது.

"சார்," என்றாள். "இந்தப் புகாரெல்லாம் நமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மெஹர் கூப்பிட்டா, தெரிஞ்சுது."

"அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, எந்த வீட்டுக்குக் கூப்பிடணும்னு?"

ஜெயசீலன் குனிந்து திரையைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் அதைக் கண்டார்கள். மெஷின் நின்றுவிட்டது என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பும் சிம். அதற்குப் போகும் கோடு இவ்வளவு நாளும் பலகையின் மேல் விளிம்பில், யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது விளிம்பை விட்டு இறங்கியிருந்தது. அலாரக் கோடு ஒரு மயிரிழை வெளியே வரும்போது, அது ஒரு மயிரிழை உள்ளே போனது. இடுப்பை நோக்கி, சூட்டை நோக்கி.

வாணி அதைப் பிடித்து விளிம்புக்கு இழுத்துவந்து பூட்டினாள். எண் ஏறியது. ஏறட்டும். அடுத்தபடியாக வேறேதோ ஒரு கோடு எங்கோ நடுங்குவதுபோலத் தெரிந்தது.

சுவருக்கு அப்பால் மெஹர் அடுத்த வீட்டை அழைத்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலன் பக்கத்து மேஜையிலிருந்து நாற்காலியை இழுத்துப்போட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கி, அவளுக்கு அருகில் உட்கார்ந்தார்.

"நீ கீழ்ப்பாதியப் பாரும்மா," என்றார். "மேல்பாதிய நான் பாத்துக்கிடுதேன்."